சூழலோடு சேர்ந்து கட்டுவது: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நான்கு பேர் நடத்தும் சின்னக் கட்டட வடிவமைப்பு அலுவலகம் இது. வீடு கட்ட வருபவர்கள், மாணவர்கள், சில சமயம் கான்ட்ராக்டர்கள் என்று யார் வந்தாலும் முதல் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. நான் ஆளுக்கு ஒரு மாதிரி பதில் சொல்வதாக அலுவலகத்தில் புகார். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சூழலுக்கு ஏத்த மாதிரி கட்டுறோம்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன? நிறைய மரம் செடி வைக்கிறதா?

மரம் வைப்பது நல்லதுதான், ஆனால் அதுவல்ல. நாம் போய் நிற்பதற்கு முன்பே ஒரு மனையில் பல விஷயங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. வெயில் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, மண் எப்படிப்பட்டது, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், என்ன பொருள் சுலபமாகக் கிடைக்கும், அதை வைத்து வேலை செய்யத் தெரிந்த கைகள் உண்டா என்பதெல்லாம் அதில் அடக்கம். இவற்றை முதலில் தெரிந்துகொண்டு அதிலிருந்து பிளானை எடுக்கிறோம்.

சுலபமான சோதனை ஒன்று உண்டு. முடித்த பிளானை அப்படியே தூக்கி வேறொரு மனையில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் கச்சிதமாகப் பொருந்தினால், முதல் மனையை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அப்போ கிரீன் பில்டிங்னு சொல்றது இதுதானா?

இரண்டுக்கும் பொதுவான பகுதி உண்டு, ஆனால் ஒன்றல்ல. சோலார் பேனலும் இரட்டைக் கண்ணாடியும் போட்டு, புள்ளிகள் சேர்த்துப் பசுமைச் சான்றிதழ் வாங்கிய கட்டடம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். சான்றிதழே இல்லாத ஒரு பழைய வீடு வெயில், காற்று, தெரு மூன்றையும் அறிந்து உட்கார்ந்திருக்கலாம்.

பழைய காலத்து வீடு மாதிரி ஓடு போட்டு, நாலு மரத்தூண் நிறுத்திட்டா சூழலுக்கு ஏத்ததா ஆயிடும்தானே?

ஆகாது. அடிக்கடி வரும் கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓட்டுக்கூரைக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. மழை வழிந்து ஓட வேண்டும், சூடான காற்று மேலே ஏறி இடுக்குகள் வழியாக வெளியேற வேண்டும். இன்று கான்கிரீட் தளத்தைப் போட்டு, அதன்மேல் ஒப்புக்கு ஓட்டை ஒட்டினால் அந்த இரண்டு வேலையில் ஒன்றைக்கூட அது சரியாகச் செய்வதில்லை. மரத்தூணும் அப்படித்தான். எதையும் தாங்காத தூண் கட்டடத்துக்கு மாட்டிய நகை.

இந்தக் குழப்பம் பழையது. அலெக்சாண்டர் சோனிஸ், லியான் லெஃபேவ்ர் என்ற கட்டடக்கலை ஆய்வாளர்கள் இருவரும் 1981-ல் விமரிசன வட்டாரவாதம் என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். 1983-ல் கென்னத் ஃபிராம்ப்டன் எழுதிய கட்டுரை அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அவர் அழுத்திச் சொன்னது, பழைய வடிவங்களை ஏக்கத்தோடு நகலெடுப்பது வேறு, ஒரு இடத்தின் ஒளி, நில அமைப்பு, தட்பவெப்பம், கட்டும் முறை இவற்றிலிருந்து இன்றைய கட்டடத்தை எடுப்பது வேறு என்பது.

இதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் வால்ஸ் என்ற மலைக்கிராமத்தில் பீட்டர் சூம்தோர் வடிவமைத்த வெந்நீர்க் குளியல் மண்டபம் 1996-ல் திறக்கப்பட்டது. அதே பள்ளத்தாக்கில் வெட்டி எடுத்த குவார்ட்சைட் கல்லை, சுமார் 60,000 பலகைகளாக அறுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். மலைக் கிராமத்துக்கென்று படம் வரைபவர்கள் போடும் சரிவுக்கூரை மரவீட்டின் சாயல் அதில் துளியும் இல்லை. மலைச்சரிவுக்குள் பாதி புதைந்து, மேலே புல் வளர்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த மலையை விட்டு அதை வேறெங்கும் வைக்க முடியாது.

வரையறதுக்கு முன்னாடி சைட்ல இத்தனை நாள் என்ன பண்றீங்க? அளந்துட்டு வர ஒரு மணி நேரம் போதாதா?

அளக்க ஒரு மணி நேரம் போதும். பார்க்கத்தான் நாள் ஆகிறது. ஒரு உதாரணம்: மனையில் பெரிய மரம் இருந்தால் காலை, நடுப்பகல், பிற்பகல் மூன்று வேளையும் அதன் நிழல் விளிம்பில் முளைக்குச்சி அடித்து, சுற்றிலும் சுண்ணாம்புத்தூள் தூவுகிறோம். மாலைக்குள் தரையில் மூன்று வெள்ளை வட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மூன்றும் சேரும் இடம் எது என்று வீட்டுக்காரரை அங்கேயே நிற்கவைத்துக் காட்டினால், முற்றம் எங்கே வரவேண்டும் என்பதை அவரே சொல்லிவிடுகிறார். மூங்கில் குச்சியில் நூலைக் கட்டி நான்கு மூலையிலும் நட்டால் காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் கட்டாயம் போவோம். தேங்கி நிற்கும் தண்ணீர் சொல்லும் உண்மையை எந்தச் சர்வே வரைபடமும் சொல்வதில்லை.

மண்ணையும் பார்க்கிறோம். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, ஒரு முழம் கீழே தோண்டி எடுத்த மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்குக் கீழே போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்துவிடுவோம். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் உட்காரும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களிமண் ஒரு நாளோ அதற்கு மேலோ கலங்கியே நிற்கும். தண்ணீர் தெளிந்த பிறகு பாட்டிலில் தெரியும் அடுக்குகளை ஸ்கேல் வைத்து அளந்தால் அந்த மண்ணில் எது எவ்வளவு என்று பிடிபட்டுவிடும். இது அடித்தளத்துக்கான மண் பரிசோதனைக்குப் பதில் அல்ல. அதை இன்ஜினியர் தனியாகச் செய்தே ஆகவேண்டும். இந்த மண்ணைச் சுவருக்குப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கத் தொடங்க இது போதும்.

வெயிலை எப்படிக் கணக்குப் பண்றீங்க? அதுக்குத்தான் ஆப் எல்லாம் வந்துடுச்சே?

ஆப்பை நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் அடிப்படைக் கணக்கு விரல்விட்டுப் போடக்கூடியது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், நடுப்பகல் சூரியனின் உயரக் கோணம் 90-லிருந்து அந்த இடத்தின் அட்சரேகையைக் கழித்தால் வருவது. கடக ரேகைக்கு வடக்கே, கோடையின் உச்சத்தில் அதோடு 23.5 டிகிரி கூடும், குளிர்காலத்தின் நடுவில் அவ்வளவே குறையும். 35 டிகிரி வட அட்சரேகை என்றால் சமநாளில் 55, கோடையில் 78.5, குளிரில் 31.5 டிகிரி.

அங்கே தெற்குப் பார்த்த 120 சென்டிமீட்டர் உயர ஜன்னலின் தலைமட்டத்தில் 60 சென்டிமீட்டர் நீளும் சன்ஷேட் வைத்தால், கோடை நடுப்பகலில் நிழல் ஜன்னல் முழுவதையும் மூடி, அதற்குக் கீழும் இறங்கும். குளிர்காலத்தில் மேலே சுமார் 37 சென்டிமீட்டர்தான் நிழல், மீதிக் கண்ணாடி வழியாக வெயில் அறைக்குள் வரும். வேண்டாத வெயிலை நிறுத்தி வேண்டிய வெயிலை உள்ளே விடுவது ஒரே பலகை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இதை வடக்கு ஜன்னலுக்குப் போட வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு இந்தக் கணக்கு உதவாது. மாலைச் சூரியன் தாழ்ந்து நேருக்கு நேர் வருவதால், எவ்வளவு நீட்டினாலும் சன்ஷேட்டுக்கு அடியில் புகுந்துவிடும். அங்கே செங்குத்துத் தடுப்பு வேண்டும், அல்லது மரம், அல்லது ஜன்னலே வேண்டாம்.

கணக்கு சரியாக இருந்தும் நாங்கள் கோட்டைவிட்டது உண்டு. ஒரு வீட்டில் மேற்கே திறப்பே வைக்கவில்லை. ஆனால் கிழக்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் வந்தது. எப்படி என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கனமான சுவர் வெச்சா வீடு எப்பவும் குளுமையா இருக்கும்னு சொல்றாங்களே?

எப்பவும் இல்லை, எல்லா இடத்திலும் இல்லை. கனமான சுவர் பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பல மணி நேரம் கழித்து உள்ளே விடுகிறது. பகலில் கொளுத்தி இரவில் நன்றாகக் குளிரும் வறண்ட இடங்களில் இது வரம். இரவுக் காற்று சுவரை ஆறவைத்துவிடும். இரவும் பகலும் ஒரே புழுக்கமாக இருக்கும் ஈரப்பதமான இடத்தில் சுவர் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. தூங்கப் போகும் நேரத்தில் அது அடுப்புபோலக் கனன்றுகொண்டிருக்கும்.

அங்கே மெல்லிய சுவர், பெரிய நிழல், குறுக்கே ஓடும் காற்று இவைதான் வழி. ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் க்ளென் மர்கட் 1994-ல் முடித்த மரிகா-ஆல்டர்டன் வீட்டின் ஜன்னல்களில் கண்ணாடியே கிடையாது. தரையிலிருந்து தூக்கி நிறுத்திய தளம், திறந்து மூடும் பலகைச் சுவர்கள், அகலமாக நீண்ட கூரை. வெப்பமண்டலப் புழுக்கத்தில் அது மூச்சுவிடுகிறது. அதையே பாலைவனத்தில் வைத்தால் பகலில் யாரும் உள்ளே உட்கார முடியாது.

மண்ணும் சுண்ணாம்பும்தான் உங்களுக்குப் பிடிக்குமாம், கான்கிரீட்னா ஆகவே ஆகாதாம். உண்மையா?

வதந்தி. கான்கிரீட்டோடு எங்களுக்குச் சண்டை இல்லை, அதை எதற்கெடுத்தாலும் கொட்டுவதோடுதான் சண்டை. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளியேறுவது. ஆகவே சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பங்கு குறையாது. செங்கலோ மண்ணோ தாங்கக்கூடிய ஒரு மாடிச் சுவருக்கு அதை ஏன் செலவழிக்க வேண்டும்? அகலமான இடைவெளியைக் கடக்கவேண்டிய பீமுக்கு, நிலநடுக்கம் வரும் இடத்தில் சுவர்களைச் சேர்த்துக் கட்டும் பட்டைக்கு, கான்கிரீட்டும் கம்பியும் போட நாங்கள் யோசிப்பதே இல்லை.

மண்ணிலும் மூடநம்பிக்கை வேண்டாம். மண்சுவருக்குத் தண்ணீர்தான் எதிரி. கீழே ஈரம் ஏறாத அடிமேடையும் மேலே நீண்ட கூரையும் இல்லாமல் மண்ணில் கட்டாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவில், தன் பிறந்த ஊரான காண்டோவில் பிரான்சிஸ் கெரே 2001-ல் முடித்த தொடக்கப்பள்ளியைப் பாருங்கள். கொஞ்சம் சிமென்ட் சேர்த்த மண்கல் சுவர், அதன்மேல் தனியாகத் தூக்கி நிறுத்திய தகரக்கூரை. இரண்டுக்கும் நடுவில் காற்று ஓடி வெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. கூரையைத் தாங்கும் சட்டங்களைக் கிரேன் இல்லாமலே ஏற்றும்படி மெல்லிய கம்பிகளை வெல்டிங் வைத்துச் செய்திருக்கிறார்கள். தகரமும் கம்பியும் அந்த மண்ணில் விளைந்தவை அல்ல. ஆனால் மண்சுவர் நிலைத்து நிற்பது அவற்றால்தான்.

உள்ளூர்ப் பொருள்னு சொன்னா எத்தனை தூரம் வரைக்கும் உள்ளூர்?

கிலோமீட்டரில் கோடு கிழிக்க நான் விரும்புவதில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறோம்: கனம் கூடக்கூட தூரம் குறைய வேண்டும். மண், மணல், கல் இவை பக்கத்திலிருந்தே வரட்டும். கதவுக்கீல், மின்கம்பி, நல்ல தாழ்ப்பாள் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை. பொருளைவிட முக்கியம் கை. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடிந்த கட்டடமும் உள்ளூர்ப் பொருள்தான். சீனாவில் வாங் ஷூவும் லூ வென்யூவும் வடிவமைத்து 2008-ல் முடிந்த நிங்போ அருங்காட்சியகத்தின் சுவர்களில், சுற்றுவட்டாரத்தில் இடிக்கப்பட்ட கிராமங்களின் பழைய செங்கற்களும் ஓடுகளும் இருக்கின்றன. ஓடு பழையது, கட்டடத்தின் உருவம் முழுக்கப் புதியது. ஓட்டுக்கூரை பற்றி மேலே சொன்னதற்கு நேர் எதிரான உதாரணமாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

நாலே பேரா? ஆள் சேர்த்து ஆபீஸைப் பெருசாக்கலாமே?

மழை பெய்த மறுநாள் சேற்றில் நின்று பார்த்தவர்தான் வரைய வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். பெரிய அலுவலகத்தில் ஒருவர் பார்ப்பார், ஒருவர் வரைவார், மூன்றாமவர் சைட்டுக்குப் போய் மேஸ்திரியிடம் பேசுவார். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சிந்தும். முதலில் சிந்துவது, வரைபடத்தில் எழுத முடியாத விஷயங்கள்தான். மேலே சொன்ன மர்கட் தன் வாழ்நாளில் பெரும்பகுதி தனியாளாகவே வேலை பார்த்து, கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2002-ல் வாங்கினார்.

இதில் கஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வீட்டு வேலை நிற்கும். ஒரே நேரத்தில் மூன்று வேலைக்கு மேல் எடுக்க மாட்டோம், ஆகவே காத்திருக்க வேண்டியிருக்கும். பெரிய மருத்துவமனை கட்டுவதென்றால் எங்களிடம் வராதீர்கள், எங்களுக்குத் தெரியாது.

உங்களுக்குன்னு ஒரு ஸ்டைல் இல்லையா? எல்லா வீடும் வேற வேற மாதிரி இருக்கே?

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறோம்.

நெட்ல ஒரு வீடு பாத்தேன், ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதே மாதிரி கட்டித் தருவீங்களா?

படத்தைக் கொண்டு வாருங்கள், சிரிக்க மாட்டோம். ஆனால் அதில் எது பிடித்தது என்று துருவிக் கேட்போம். ஒருவர் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போட்ட ஒரு வீட்டின் படத்தோடு வந்தார். அவருடைய மனையில் மூன்று பக்கமும் மாடிவீடுகள். பேசிப் பேசிப் பார்த்ததில் அவருக்குப் பிடித்தது கண்ணாடியே அல்ல. படத்தில் ஒரு மூலையில் சுவர்மேல் சரிந்து விழுந்த காலை வெளிச்சம். படிக்கட்டின் உச்சியில் ஒரு சின்னக் கூரைத் திறப்பு வைத்தோம். அந்த வெளிச்சம் வந்துவிட்டது.

எங்க இடத்தைச் சுத்தி எல்லாக் கட்டடமும் கன்றாவியா இருக்கு. அதோட போய் இசைஞ்சு நிக்கணுமா?

நல்ல கேள்வி. இசைவது என்றால் பக்கத்து வீட்டைப்போல வேஷம் போடுவதல்ல. பக்கத்து வீட்டின் பெயின்ட் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அதன் சமையலறை ஜன்னல் எங்கே, அதன் ஏர்கண்டிஷனர் எந்தப் பக்கம் சூட்டைக் கக்குகிறது, உங்கள் மாடி எழும்பினால் யாருடைய முற்றம் இருளும் என்பவை ரசனையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அழகான சூழலுக்கு மட்டும் மரியாதை கொடுப்பவர் சூழலைப் பார்க்கவில்லை, காட்சியைப் பார்க்கிறார்.

வந்தவங்ககிட்ட ஒண்ணுமே கட்ட வேணாம்னு சொல்லி அனுப்புவீங்களாமே?

இரண்டு முறை சொல்லியிருக்கிறோம். இதற்கு முன்னுதாரணமும் உண்டு. பிரான்சின் போர்தோ நகரில் லியோன் ஓகோக் என்ற சின்னச் சதுக்கத்தை அழகுபடுத்தும் வேலை 1996-ல் லக்கட்டோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவரிடம் வந்தது. அவர்கள் அங்கே போய் உட்கார்ந்து, குடியிருப்பவர்களிடம் பேசினார்கள். மரம், பெஞ்சு, எளிய வீடுகள் எல்லாம் ஏற்கனவே நன்றாகத்தான் இருந்தன. தரைக்குப் புதுச் சரளை, மரங்களுக்குப் பராமரிப்பு, அடிக்கடி சுத்தம் செய்வது, இவ்வளவுதான் அவர்கள் கொடுத்த திட்டம். 2021-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர்கள் இவர்கள். நாங்கள் சொன்ன இரண்டு முறையும் பிரச்சினை புதிதாகக் கட்டித் தீர்வதல்ல. ஒன்றில் ஒரு குறுக்குச்சுவரை எடுத்தோம். மற்றொன்றில் அண்ணன் தம்பிக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம்.

இப்படிக் கட்டினா செலவு குறையுமா?

சில இடத்தில் குறையும், சில இடத்தில் கூடும், பெரும்பாலும் இடம் மாறும். பொருளுக்குப் போகும் பணம் கூலிக்குப் போகும். காரை பூசாமல் விடும் செங்கல் சுவரில் பூச்சுச் செலவு மிச்சம், ஆனால் ஒவ்வொரு வரிசையும் நேராக வரவேண்டும் என்பதால் கொத்தனாருக்கு நாள் கூடும். குளிரூட்டும் செலவு குறையும், அது கட்டும்போது தெரியாது. பாதி விலையில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், எதை விட்டுவிடப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டியும் தோத்துப்போனது உண்டா?

உண்டு, பெரியவர்களுக்கே. எகிப்தில் லக்சருக்கு எதிர்க்கரையில் ஹசன் ஃபாத்தி 1940-களின் பிற்பாதியில் புதிய குர்னா கிராமத்தைக் கட்டினார். சுடாத மண்கல், கீழே தாங்கும் மரச்சட்டம் இல்லாமலே எழுப்பும் வளைவுக்கூரைகள், முற்றங்கள், காற்றுப் போக்கு என்று தட்பவெப்பத்தையும் பொருளையும் அவரைப்போலப் படித்தவர் அரிது. ஆனால் குடிவரவேண்டிய மக்கள் பெரும்பாலும் வரவில்லை. அவர்கள் வாழ்ந்தது பழங்காலக் கல்லறைகளின் மேலேயும் பக்கத்திலேயும். அவற்றைச் சார்ந்துதான் பலருக்குப் பிழைப்பு. அந்தக் கல்லறைகளிலிருந்து அவர்களை அகற்றத்தான் அரசு அந்தக் கிராமத்தையே கட்டச் சொன்னது. வீடு எவ்வளவு குளுமையாக இருந்தால் என்ன?

எங்கள் பட்டியலில் பிழைப்பையும் முதல் நாளே எழுதுகிறோம். வீட்டில் இருந்து வேலை பார்ப்பவரா, இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குபவரா, வாசலில் வண்டி நிறுத்தினால்தான் வருமானமா என்று கேட்டால் சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை.

சூழலே மாறிக்கிட்டு இருக்கு. இன்னிக்குப் பார்த்துக் கட்டினது இருபது வருஷம் கழிச்சு எப்படிப் பொருந்தும்?

முழுதாகப் பொருந்தாது. பக்கத்துக் காலிமனையில் கட்டடம் வரும், மரம் விழும், மழை இதுவரை பெய்த மாதிரி பெய்யாது. அதனால் எல்லாவற்றையும் இறுக்கிப் பொருத்திவிடாமல், பின்னால் மாற்றக்கூடியதை மாற்றக்கூடியதாகவே வைக்கிறோம். பாரம் தாங்கும் சுவர் எது, தட்டி எடுக்கக்கூடிய சுவர் எது என்று வீட்டுக்காரருக்கு ஒரு தாளில் வண்ணம் தீட்டிக் கொடுக்கிறோம். காலிமனையை நம்பி அந்தப் பக்கம் ஒற்றை ஜன்னல்கூட வைப்பதில்லை. வெள்ளத்துக்குத் தரைமட்டத்தைப் பழைய கணக்கைவிடக் கூட்டித்தான் எடுக்கிறோம்.

சிலியின் இக்கிகே நகரில் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004-ல் 93 குடும்பங்களுக்கு வீடு கட்டியபோது பணம் போதவில்லை. சின்ன வீடாக முழுதாகக் கட்டாமல், நல்ல வீட்டின் கடினமான பாதியைக் கட்டினார்கள். சமையலறை, குளியலறை, படிக்கட்டு, பக்கச்சுவர்கள். மறுபாதிக்கு இடம் மட்டும் விட்டார்கள். குடும்பங்கள் தங்கள் கையில் பணம் வந்தபோது அதை நிரப்பிக்கொண்டன. வரப்போவது தெரியாதபோது விட்டுவைக்கும் இடமும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான்.

கட்டி முடிச்சு சாவி குடுத்ததும் உங்க வேலை முடிஞ்சுதா?

இல்லை. ஒரு முழு ஆண்டு கழித்து, அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் ஒரு தடவை போய்ப் பார்க்கிறோம். எல்லாப் பருவமும் ஒரு சுற்று வந்திருக்கும். நாங்கள் படுக்கையறை என்று எழுதியது கிடங்காகியிருக்கும். படிக்கட்டின் மூன்றாம் படி பிள்ளைகள் படிக்கும் இடமாகியிருக்கும். எதையும் திருத்திச் சொல்லாமல் குறித்துக்கொண்டு வருவோம்.

வெயில் பற்றிய பதிலில் சொன்ன வீட்டுக்கும் அப்படித்தான் போனோம். கிழக்கு ஜன்னலில் பழைய போர்வையை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, மாலை ஐந்து மணிவரை இருந்து பாருங்கள் என்றார் அந்த வீட்டம்மா. இருந்தோம். தெருவுக்கு எதிரே, எங்கள் கட்டடத்தைவிட இரண்டு மாடி உயரமான கட்டடம். மேற்கே இறங்கும் சூரியன் எங்கள் கூரைக்கு மேலாகப் போய் அதன் மேல்மாடிக் கண்ணாடியில் பட்டு, அப்படியே திரும்பிக் கீழே வந்து கிழக்கு ஜன்னலுக்குள் விழுந்தது. போர்வையின் நெசவு ஓட்டைகள் வழியாக எதிர்ச்சுவரில் நூற்றுக்கணக்கான புள்ளிகள். எங்கள் மென்பொருளில் அந்தக் கட்டடம் வெறும் சாம்பல் நிறப் பெட்டியாக இருந்தது, அதற்குக் கண்ணாடி கிடையாது. செங்குத்து மரப்பட்டைகளை எங்கள் செலவில் செய்து மாட்டினோம். போர்வையை அவர் மடித்துக் கொடுத்தார், ஆணிகளையும் சேர்த்து. இப்போது புதிய மனைக்குப் போனால், எதிரே தெரியும் கண்ணாடிகளை ஒருவர் எண்ணி எழுதிக்கொள்கிறார்.